பாடநூலில் இல்லாத ஜெர்மன்

புது தில்லி: பாடநூல் "ப்ரோட்ஷென்" என்று கற்பிக்கும் சிறு ரொட்டியை பெர்லின்வாசிகள் "ஷ்ரிப்பெ" என்கின்றனர். அங்கு ஜெர்மன் பயிலும் இந்திய மாணவருக்கு, மௌவர்பார்க் ஞாயிற்றுச் சந்தையில் பேசும் பேரமும் ஒரு வகுப்புதான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாததால், ஜெர்மனியில் இந்திய மாணவர் எண்ணிக்கை 2023-24இல் 49 ஆயிரத்தைக் கடந்தது.

ஆனால், விசா பெற, ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. அங்கு சென்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் ஒவ்வொரு மாதமும் செலவே. அச்செலவைக் குறைத்திருக்கக்கூடிய கேந்திரிய வித்யாலயங்களிலோ, மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மன் 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலேயே அகற்றப்பட்டு, சம்ஸ்கிருதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, அவ்வாண்டு சம்ஸ்கிருதத் தேர்வு இராது என்றது மத்திய அரசு. ஜெர்மன் கூடுதல் மொழியாகச் சுருங்கியது.