டீசல் எஞ்சினும் பொதுக்குழலும்

மட்டக்களப்பு வாவியின் மீன்பாட்டைக் கேட்க விரும்புவோர், நிலாக் காலத்து இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி, மறுநுனியைக் காதிற் பொருத்திக் கேட்பது வழக்கம். மோட்டார்த் திருத்தகங்களிலும் இதனையொத்த வழக்கமொன்று நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர், நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை ஓடும் எஞ்சின்மீது ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்து, எந்த உருளை செவ்வனே இயங்குகின்றது, எது பழுதுற்றது என்பதை ஒலியைக் கொண்டே அறிவார். ஐயம் தீராவிடின், அவ்வுருளைக்கு டீசல் கொண்டுசெல்லும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்துவார். எஞ்சினின் ஓசை மாறினால் அந்த உருளை நலமாக உள்ளது. மாறாவிடின் குற்றம் அங்கேதான் உள்ளது.

இந்தக் கைமுறையை, இன்று அப்பாலத்தைக் கடந்து செல்லும் புதிய டீசல் வான்களிலும் கார்களிலும் கையாளுதல் கூடாது. கையாண்டால் செய்பவர் தம் விரலையோ கையையோ இழக்கவும் நேரலாம். எஞ்சினுள் நிகழ்ந்த மாற்றம் யாது என்பதை அறிந்தால், இவ்வெச்சரிக்கையின் காரணம் தானே விளங்கும்.

டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி இல்லை. பிஸ்டன் மேலெழுந்து வளியை அதன் கனவளவில் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காக நெருக்குகின்றது. நெருக்குண்ட வளி 500 பாகை சதமத்திற்கும் மேலாகச் சூடேறுகின்றது. அத்தருணத்தில் டீசலை நுண்டுளிகளாகப் பீச்சினால், அது தானாகவே தீப்பற்றும். இம்முறையை வகுத்தவர் ருடோல்ப் டீசல் என்னும் பொறியியலாளர். அவருடைய எஞ்சின் 1897 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஒகஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக ஓடியது. எனவே, டீசல் எஞ்சினின் நலமெல்லாம் ஒரு வினாவில் அடங்கும்: எரிபொருளை எத்துணை நுண்மையாக, எத்துணை அளவாக, எந்தக் கணத்திற் பீச்சுவது?

1927 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் போஷ் நிறுவனம் இதற்கென ஒரு பம்பியைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதன்பின் எழுபது ஆண்டுகளாக, மோட்டார் வண்டிகளின் டீசல் எஞ்சின்களிற் பெரும்பாலானவை இத்தகைய பம்பிகளைக் கொண்டே இயங்கின. இலங்கையில் ‘டொல்பின்’ என வழங்கும் பழைய டொயோட்டா வான்களும் அவ்வழி வந்தவையே. அப்பம்பி ஒரே வேளையில் இரண்டு வேலைகளைச் செய்தது. அமுக்கத்தை உண்டாக்குவதும் அதுவே. உரிய கணத்தில் உரிய உருளைக்கு டீசலை அனுப்புவதும் அதுவே. குறை இங்கேதான் இருந்தது. எஞ்சின் விரைந்து சுழன்றால் பம்பியும் விரைந்து சுழலும், அமுக்கம் ஏறும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அமுக்கம் குறையும், துளிகள் பருத்துவிடும், முழுதும் எரியாதவை கரும்புகையாக வெளிவரும். சுமையேற்றிய வண்டி மெல்ல ஏற்றம் ஏறும்போது, வலுவும் நல்லெரிவும் மிக வேண்டிய அவ்வேளையிலேயே அமுக்கம் குன்றியிருக்கும்.

இவ்விரு வேலைகளையும் பிரித்து வைத்ததே புதிய முறையின் சாரம். இதனைக் ‘கொமன் ரெயில்’ என்பர். பெயரைக் கேட்டுப் புகைவண்டிப் பாதையை நினைத்தல் வேண்டா. எல்லா உருளைகளுக்கும் பொதுவாக எஞ்சின்மேற் கிடக்கும் தடித்த உருக்குக் குழலே அது, பொதுக்குழல் எனலாம். பம்பியின் வேலை இக்குழலை உயர்ந்த அமுக்கத்தில் நிரப்பி வைப்பது மட்டுமே. ஊருக்குப் பொதுவான நீர்த்தாங்கியை நிரப்பி வைத்தால், வேண்டியவர் வேண்டியபோது குழாயைத் திறந்து நீர் பெறுவதுபோல, ஒவ்வோர் உருளையின் தலையிலும் உள்ள இன்ஜெக்டர், மின்கட்டளை கிடைத்த கணத்தில் திறந்து டீசலைப் பீச்சி மூடிக்கொள்ளும். கட்டளையிடுவது வண்டியிலுள்ள கணினி. எஞ்சினின் வேகம், வளியின் அளவு, வெப்பநிலை, ஓட்டுநரின் மிதி நிலை, குழலின் அமுக்கம் ஆகியவற்றை உணர்கருவிகள் வாயிலாக அறிந்து, அது இடையறாது கணக்கிடுகின்றது.

எஞ்சின் நிமிடத்திற்கு 2000 முறை சுழலும்போது, ஒரு சுழற்சிக்கு ஆகும் காலம் ஒரு செக்கனின் நூறில் மூன்று பங்கு. பீச்சுவதற்குக் கிடைக்கும் காலமோ ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இச்சிறு பொழுதிற்குள்ளும் இன்ஜெக்டர் பலமுறை திறந்து மூடவல்லது. முதலிற் சிறுதுளியளவு பீச்சி எரிவைத் தொடக்கிவைக்கும். அதன்பின் பெரும்பகுதியைப் பீச்சும். எரிபொருள் அனைத்தும் ஒருங்கே வெடித்தெரிவதால் எழும் ‘கடகட’ ஓசை இதனாற் பெரிதும் அடங்குகின்றது. புகையும் குறைகின்றது, எரிபொருளும் மிஞ்சுகின்றது.

இந்தக் கருத்து மிகப் பழையது. ஆயினும், விரைந்து இயங்கும் மின்வால்வும் மலிந்த கணினியும் வரும்வரை அது சிறு வண்டிகளுக்குக் கைகூடவில்லை. 1995 ஆம் ஆண்டில் யப்பானின் டென்சோ நிறுவனம் இதனைப் பாரவூர்திகளிற் புகுத்தியது. இத்தாலியின் பியற் நிறுவனத்தார் வளர்த்தெடுத்து, போஷ் நிறுவனத்தார் உற்பத்திக்குக் கொணர்ந்த முறை, 1997 ஆம் ஆண்டில் அல்பா றோமியோ 156 என்னும் காரில் வெளிவந்தது. இலங்கைத் தெருக்களில் ‘கே.டி.எச்.’ எனப்படும் டொயோட்டா வான்களின் டீசல் எஞ்சின்களும் இவ்வகையினவே.

இத்தகைய நுட்பத்திற்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. பொதுக்குழலின் அமுக்கம் 2000 வளிமண்டலங்களையும் எட்டக்கூடும். அஃதாவது, விரல் நகத்தளவான ஒரு சதுர சதமமீற்றர் பரப்பில் ஏறத்தாழ இரண்டு தொன் எடை. உலகின் மிக ஆழமான கடலடியிலும் இதில் ஏறத்தாழப் பாதி அமுக்கமே உண்டு. இன்ஜெக்டரின் துளைகள் ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்களவே. அதன் அசையும் பாகங்களுக்கிடையேயுள்ள இடைவெளியோ மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்குகள். பம்பிக்கும் இன்ஜெக்டருக்கும் வேறு மசகெண்ணெய் இல்லை; அவற்றினூடே ஓடும் டீசலே மசகாகவும் பயன்படுகின்றது. ஆகவே, பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட தூசியையும் நீரையும் புதியது பொறுக்காது.

வாவிக் கரையோரத்தில் இது சிறப்பாகக் கருதத்தக்கது. அங்கே காற்றில் ஈரம் மிகுதி. மாரி காலத்தில் இன்னும் மிகுதி. தாங்கி பாதி வெறுமையாயின், அவ்விடத்தை ஈரக்காற்று நிரப்பும். இரவின் குளிரில் அது நீர்த்துளியாகும். டீசலினும் கனமான நீர் அடியிலே தங்கும். படுவான்கரை வயல்களுக்கு உழவு இயந்திரத்திற்கென பீப்பாய்களிலும் கான்களிலும் கொண்டுசெல்லப்படும் டீசலுக்கும் இதே கதிதான். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்த கலங்களிலெல்லாம் டீசலைச் சேமித்துவைத்த நினைவு பலருக்கு இருக்கும். நீர் கலந்த டீசல் பம்பியின் மசகைக் கெடுத்து, உருக்கைத் துருவேற்றும். மண்ணெண்ணெய் கலத்தலும் தீங்கே. அதற்கு மசகுத் தன்மை குறைவு. தேய்ந்த பம்பி உதிர்க்கும் உலோகத்தூள் எல்லா இன்ஜெக்டர்களையும் ஒருங்கே பழுதாக்கவும் கூடும். சில லீற்றர் டீசலில் மிச்சம்பிடிக்கப்போய், வாடகைக்கு வான் ஓட்டிப் பிழைப்பவர் பல மாத வருமானத்தை இழக்க நேரும். வடிகட்டியின் அடியிற் சேரும் நீரை அவ்வப்போது திறந்துவிடுதலும், அதற்குரிய எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டியை மேலும் ஓட்டாதிருத்தலும், காலந்தோறும் நல்ல வடிகட்டியை மாற்றுதலும் இதற்கான எளிய காப்புகள்.

இனி, தொடக்கத்திற் கூறிய நட்டின் செய்தி. பொதுக்குழல் எஞ்சின் நின்றநிலையில் மெதுவாக ஓடும்போதே குழலில் ஏறத்தாழ 300 வளிமண்டல அமுக்கம் இருக்கும். நட்டைத் தளர்த்தினால், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய தாரையாக டீசல் வெளிப்பட்டு, தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி குத்தியது போலவே தோன்றும்; முதலில் நோவும் குறைவு. உட்சென்ற டீசலோ தசையை அழிக்கும். அறுவைச் சிகிச்சை தாமதித்தால் விரலையே நீக்க நேரலாம். ஆதலால், எஞ்சின் ஓடும்போது இக்குழாய்களைத் தொடுதல் ஆகாது. கசிவைக் கையால் தடவிப் பார்த்தலும் ஆகாது. எஞ்சினை நிறுத்தியபின்னும், அமுக்கம் தணிந்தமையை உறுதிசெய்த பின்னரே நட்டிற் கைவைத்தல் வேண்டும். தாரை பட்டுவிட்டால், காயம் எவ்வளவு சிறிதாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

எந்த உருளை பழுது என்பதைப் புதிய வண்டியில் வேறு வழியால் அறியலாம். சோதனைக் கருவியைக் கணினியோடு இணைத்தால், ஒவ்வோர் இன்ஜெக்டராக நிறுத்தி ஓசை மாறுகின்றதா என்று பார்க்க முடியும். பழைய மெக்கானிக் நட்டைத் தளர்த்திச் செய்த சோதனையும் இதுவே. அவருடைய காதின் பயிற்சி இங்கும் வீணாவதில்லை. மாறவேண்டியது கையின் பழக்கம் மட்டுமே.