இன்யூட் கற்சிற்பம்: செய்தவரையும் ஊரையும் அறியும் முறை

முன்னர் எஸ்கிமோக்கள் எனப்பட்ட இன்யூட் மக்கள் கனடாவின் வடகோடியில் வாழ்பவர்கள். அவர்கள் கல்லில் செதுக்கும் கரடி, வேட்டைக்காரர், தாயும் சேயும் முதலிய உருவங்கள் 1949-இல் மான்ட்ரியால் நகரில் நடந்த விற்பனைக்குப் பின்னர் வெளியுலகில் பெரிதும் பரவின. அத்தகைய சிற்பமொன்றைச் செய்தவர் யார், எவ்வூரினர் என்பதை எங்ஙனம் அறிவது?

முதற்கண், அது கல்தானா என்று காண வேண்டும். கல் தொட்டால் குளிர்ந்திருக்கும், கனமாகவும் இருக்கும். அச்சில் வார்த்த செயற்கைப் பிசின் உருவத்திலோ இணைப்புக் கோடும் காற்றுக் குமிழியின் தடமும் தென்படலாம்.

அடுத்து, கல்லின் இனம். நம் நாட்டில் கற்சட்டி குடையப் பயன்படும் மாக்கல்லை நகத்தாலும் கீறலாம். சாம்பல் நிற மாக்கல் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் மிகுதியாகக் கையாளப்பட்டது. முன்பு கேப் டார்செட் எனப்பட்ட கின்கைட் ஊரில் பச்சை நிறச் செர்ப்பென்டைன் பெருவழக்கு. அது மாக்கல்லினும் கடினமானது, நன்கு மெருகேறுவது. எனினும் கல் ஊர்விட்டு ஊர் செல்வதுண்டு. ஆதலின் கல் மட்டும் சான்றாகாது.

மூன்றாவதாக, அடிப்புறத்து எழுத்து. அது இன்யூட் அசையெழுத்தில் அமைந்த பெயராக இருக்கலாம், எண்ணாகவும் இருக்கலாம். குடும்பப் பெயர் வழக்கம் இல்லாத அம்மக்களைப் பதிவு செய்யும்பொருட்டு, அரசாங்கம் 1941 முதல் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வில்லை ஒன்றை அளித்தது. ‘ஈ’ கிழக்கையும் ‘டபிள்யூ’ மேற்கையும் குறிக்கும்; அடுத்த இலக்கம் வட்டாரத்தையும், கோட்டுக்குப் பின்வருவது அம்மனிதரையும் குறிக்கும். கின்கைட் மக்களின் எண்கள் ‘ஈ7’ எனத் தொடங்கும். ஓர் இலக்கம் பிழைபடினும் சிற்பம் வேறொருவருடையதாகிவிடும். மேலும், எண் காட்டுவது பதிவான வட்டாரத்தையே. செதுக்கிய ஊர் வேறாகவும் இருக்கலாம்.

நான்காவதாக, உடன்வரும் சீட்டு. பனிவீட்டின் படம் பொறித்த சான்றுச் சீட்டைக் கனடா அரசாங்கம் 1958-இல் ஏற்படுத்தியது. 2017 முதல் இன்யூட் கலை அறநிறுவனம் அதனை நிர்வகித்து வருகிறது. சீட்டு கழன்று இடம் மாறக்கூடுமாதலின், அதிலுள்ள விவரம் கல்லோடும் எழுத்தோடும் பொருந்துகிறதா என ஒப்புநோக்குதல் வேண்டும்.

வடமேற்குப் பிரதேசங்களில் 1968 முதல் 1971 வரை ஏப் ஓக்பிக் என்னும் இன்யூட் தலைவர் ஊர் ஊராகச் சென்று, மக்கள் தாமே தெரிந்துகொண்ட குடும்பப் பெயர்களைப் பதிவு செய்தார். அதன்பின் எண் வழக்கொழிந்தது. ஆகவே காட்சிசாலைக் குறிப்பில் எண்ணோடு நின்றுவிடாமல், பதிவேடுகளைக் கொண்டு அதற்குரியவரின் பெயரைக் கண்டு எழுதுதலே முறையாகும். ஒரு மனிதரின் கைத்திறன் அவர் பெயராலேயே அறியப்படத்தக்கது.