பள்ளியில் சேர்த்தது எத்தனை கிலோ? குறைந்தது எத்தனை கிலோ?

புக்கிட் பெருவாங் - தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது பழகிய கதை. இரவு 9 மணிக்குப் புத்தகப் பையை அடுக்கும்போதுதான் பிள்ளைக்கு நினைவு வரும். "அம்மா, நாளைக்குப் பழைய பேப்பர் கொண்டு வரணும். எங்க வகுப்புதான் ஜெயிக்கணும்!" அம்மா அலமாரியைத் துழாவுவார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்பார். அப்பா தெரிந்த கடையில் காலி டின்களை வாங்கி வருவார். மறுநாள் பள்ளி வாசலில் மூட்டைகள் குவியும். எடை போட்டு, அதிகம் கொண்டு வந்த வகுப்புக்குப் பரிசு கொடுப்பார்கள்.

இது நல்ல நடவடிக்கைதான். பழைய தாள் விற்ற பணம் பள்ளிக்கும் உதவும். ஆனால், அதே நாள் ஓய்வு நேரம் முடிந்ததும் சிற்றுண்டிச்சாலையின் குப்பைத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நேற்று இருந்த அதே கனம் இன்றும் இருக்கும். மீந்த சோறு, மீ, பழத்தோல், பானப் பொட்டலம் எல்லாம் ஒரே கறுப்புப் பையில் கிடக்கும். வீட்டிலிருந்து எத்தனை கிலோ வந்தது என்று கணக்கு வைக்கும் பள்ளி, பள்ளியிலிருந்து எத்தனை கிலோ குப்பை வெளியே போகிறது என்றும் கணக்கு வைத்தால் என்ன?

தொட்டியில் அதிகம் இருப்பது எது?

2012ஆம் ஆண்டு தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை எடுத்த ஆய்வில், மலேசிய வீடுகளின் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக்கழிவு என்று தெரிய வந்தது. நெகிழி 13.2 விழுக்காடு. தாள் 8.5 விழுக்காடு மட்டுமே. அதாவது, நாம் பரிசு கொடுத்துச் சேர்க்கும் பழைய தாளைவிட ஐந்து மடங்கு எடை, யாரும் கண்டுகொள்ளாத மிச்சச் சோற்றில் இருக்கிறது.

மலாக்காவின் குப்பை முன்பு குருபோங் நிலப்பரப்புக்குப் போனது. அது 2015இல் மூடப்பட்டு, சுங்கை ஊடாங்கில் புதிய நிலப்பரப்பு திறக்கப்பட்டது. இங்கே அடியில் தடுப்பு விரித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு உண்டு. ஆனாலும் இடம் அளவானதுதான். அங்கே காற்றுப் படாமல் புதையும் சோறும் காய்கறியும் அழுகும்போது மீத்தேன் வாயு வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், இது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். அழுகும் உணவின் ஈரம் மற்றக் குப்பைகளோடு கலந்துதான் துர்நாற்றம் வீசும் கழிவுநீராகிறது. நல்ல தாளையும் அட்டையையும் நனைத்து, மறுசுழற்சிக்கு உதவாமல் செய்வதும் அதே ஈரம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2007ஆம் ஆண்டு திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மலாக்காவும் ஒன்று. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. 2016 ஜூன் 1 முதல் தரைவீடுகளுக்கு அபராதமும் வந்தது. முதல் முறை 50 வெள்ளி, இரண்டாம் முறை 100 வெள்ளி, மூன்றாம் முறை 500 வெள்ளி. குப்பை லாரி வாரத்தில் இரண்டு நாள் உணவுக்கழிவு உள்ளிட்ட சாதாரணக் குப்பையை எடுக்கும். ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களையும் தோட்டக் கழிவையும் எடுக்கும்.

பள்ளியில் வைத்திருக்கும் மூன்று நிறத் தொட்டிகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நீலம் தாளுக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு நெகிழிக்கும் டின்னுக்கும். வீட்டில் நாம்தான் அவர்கள் கண்முன்னே எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வாசலில் வைக்கிறோம்.

திட்டங்கள் கேட்பதும் இதைத்தான்

சுற்றுச்சூழல் துறையும் கல்வி அமைச்சும் 2005இல் தொடங்கிய 'செக்கோலா லெஸ்தாரி' விருது, பள்ளியை நான்கு வகையில் பார்க்கிறது: நிர்வாகம், பாடம், புறப்பாடம், பசுமையாக்கம். மரம் நடுவது அதில் ஒரு பகுதிதான். 'இக்கோ ஸ்கூல்ஸ்' அனைத்துலகத் திட்டத்தை இங்கே 2011இல் டபிள்யூ.டபிள்யூ.எப். மலேசியா தொடங்கியது. அதில் ஏழு படிகள். மாணவர் குழு அமைப்பது முதல் படி. இரண்டாவது படி பள்ளியின் இன்றைய நிலையை அளந்து பார்ப்பது. அதற்குப் பிறகுதான் திட்டமே போட வேண்டும்.

அளப்பது கடினமான வேலையல்ல. ஒரு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம், நான்கு மாணவர் போதும். ஒரு வாரம் தினமும் ஓய்வு நேரத்துக்குப் பிறகு தொட்டியை எடை போட்டு எழுதலாம். உதாரணத்துக்கு, 100 மாணவர் படிக்கும் பள்ளியில் ஒவ்வொருவரும் 50 கிராம் மிச்சம் வைத்தால் ஒரு நாளைக்கு 5 கிலோ. 190 பள்ளி நாளுக்கு 950 கிலோ! சின்னப் பள்ளியிலேயே ஏறக்குறைய ஒரு டன். நான்காம் ஆண்டு மாணவர் இந்தக் கணக்கைத் தாமே போடுவார். எடை தெரிந்த பிறகு, "சோறு கொஞ்சமா போடுங்க ஆன்ட்டி, பத்தலைன்னா திரும்ப வர்றேன்" என்று கேட்கும் பழக்கமே முதல் நடவடிக்கை ஆகிவிடும். செலவில்லாமல் தொட்டி இலேசாகும்.

தொழுவுரம் ஏன் நாறுகிறது?

பல பள்ளிகளில் தொழுவுரத் தொட்டி தொடங்குகிறார்கள். ஒரு மாதத்தில் நாற்றம், ஈ, எலி என்று புகார் வரும். அதோடு தொட்டி ஸ்டோர் அறைக்குப் போய்விடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஈரக்கழிவு அதிகம், காய்ந்த இலை குறைவு.

ஒரு வாளி காய்கறித் தோலுக்கு இரண்டு அல்லது மூன்று வாளி காய்ந்த இலை வேண்டும். திடலைக் கூட்டும்போது கிடைக்கும் சருகே போதும். அதை எரிக்காமல் மூட்டையில் சேர்த்து வைத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும். தோலைப் போட்டதும் மேலே சருகால் மூடிவிட வேண்டும். வாரம் ஒரு முறை கிளறிக் காற்று புகவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்துவிட்ட துணி மாதிரி ஈரம் இருக்கலாம், சொட்டக் கூடாது. நம் ஊர் மழைக்குக் கூரை கட்டாயம். மீன், கோழி, எண்ணெய்ச் சம்பால், தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு வேண்டாம். எலி வருவது அவற்றுக்குத்தான். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். பள்ளியின் வெண்டைக்கும் கத்தரிக்கும் அதுவே போதும்.

அலங்காரமும் கொசுவும்

போட்டி வந்துவிட்டால் பழைய டயருக்கு வர்ணம் பூசிப் பூச்சட்டி ஆக்குவோம். நெகிழிப் போத்தலை வெட்டிச் சுவரில் தொங்கவிடுவோம். பார்க்க அழகுதான். ஆனால் டயரின் உள்வளைவில் தேங்கும் ஒரு கோப்பை மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். பள்ளி விடுமுறை ஒரு வாரம் என்றால் அந்தக் காலம் கச்சிதமாகப் பொருந்திவிடும். டயரின் அடியில் துளை போட்டு, உள்வளைவு முழுக்க மண் நிரப்பினால் ஆபத்து குறையும். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் சுற்றிப் பார்க்கும் பொறுப்பையும் ஒரு வகுப்புக்குக் கொடுக்கலாம்.

தாத்தா பாட்டிக்குத் தெரிந்த 1991

மலாக்காவில் வளர்ந்த பெரியவர்களிடம் 1991ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு வறட்சியில் டுரியான் துங்கல் அணை வற்றிப்போய், மாநிலமே தண்ணீருக்குத் தவித்தது. அந்த அணை புக்கிட் பெருவாங்கிலிருந்து அதிகத் தூரமில்லை. பின்னர் 2003இல் ஜூஸ் அணை வந்தது. ஆனால் மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரை, 10 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். பள்ளிக் கூரையின் ஒரு பக்கத் தூம்பை ஒரு தொட்டிக்குத் திருப்பினால், செடிக்கும் நடைபாதை கழுவவும் குழாயைத் திறக்க வேண்டியதில்லை. முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வெளியே விட வேண்டும். தொட்டியின் வாயைக் கொசுவலையால் கட்ட வேண்டும். குடிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது.

தோட்டத்தில் இருந்த பழக்கம்

யோசித்துப் பார்த்தால், இவற்றில் பல நமக்குப் புதிதல்ல. தோட்டத்து லயத்தில் கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டுக்குப் போகும். மிச்சச் சோறு கோழிக்குப் போகும். விருந்து வாழை இலையில் நடக்கும், இலையை மாடு தின்னும். வேலைக்குத் தூக்குச்சட்டியில்தான் சாப்பாடு போகும். தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்தபோது மாடும் கோழியும் இல்லாமல் போயின. அவற்றின் இடத்தில் கறுப்புப் பை வந்தது. பல்லூடகப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி உணவுக்கடைகளும் வாடகை வீடுகளும் பெருகிய புக்கிட் பெருவாங்கில் பொட்டலமும் நெகிழிப் பையும் அன்றாடம் ஆகிவிட்டன.

எல்லாப் பழைய பழக்கமும் நல்லதல்ல. குப்பையை வீட்டுப் பின்னால் எரிப்பதும் அந்தக் காலத்து வழக்கம்தான். இன்று திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். அன்று எரிந்தது இலையும் தாளும், இன்று எரிவது நெகிழி. அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்கு நல்லதல்ல.

கோயிலுக்கும் இதில் பங்குண்டு. மாசி மகத்துக்குச் சன்னாசிமலை ஆண்டவரைக் காணப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவது புண்ணியம். பக்தர்கள் வீசிச் செல்லும் கோப்பைகளுக்கு அருகிலேயே ஒரு சாக்குப் பை கட்டி, பள்ளிப் பிள்ளைகளை நிற்க வைத்தால், அன்று அவர்கள் கற்றுக்கொள்வது எந்தக் கண்காட்சியிலும் கிடைக்காது.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளில் ஆசிரியர்கள் குறைவு. சுற்றுச்சூழல் கழகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரே விளையாட்டுக்கும் தமிழ் விழாவுக்கும் பொறுப்பாக இருப்பார். அவர் மாற்றலாகிப் போனால் தோட்டமும் தொட்டியும் கவனிப்பாரின்றிப் போகும். ஆகவே, இதை ஆசிரியர் தலையில் மட்டும் வைக்கக் கூடாது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

ஒன்று, சிற்றுண்டிச்சாலைத் தொட்டியின் எடையை யாராவது எழுதி வைக்கிறார்களா?

இரண்டு, விடுமுறையில் தொழுவுரத்தையும் செடிகளையும் பார்த்துக்கொள்ளும் பெற்றோர் யார்?

மூன்று, அடுத்த மறுசுழற்சிப் போட்டியில், அதிகம் கொண்டு வந்த வகுப்போடு, குறைவாகக் குப்பை போட்ட வகுப்புக்கும் ஒரு பரிசு கொடுக்க முடியுமா?

அந்தப் பரிசை வெல்ல வேண்டுமானால், பிள்ளை பக்கத்து வீட்டில் பழைய பேப்பர் கேட்டுப் பயனில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். அதைத் தினமும் நிரப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.