மென்பொருள் வேலையில் முதல் படிக்கட்டு

மென்பொருள் பொறியாளர் நிரல் எழுதச் செலவிடுவது அவரது வேலை நேரத்தில் ஒரு பகுதிதான். வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன தேவை என்று புரிந்துகொள்வது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான வரிகளில் எதைத் தொட்டால் எது உடையும் என்று கணிப்பது, சோதிப்பது, நள்ளிரவில் சர்வர் நின்றுபோனால் எழுந்து பார்ப்பது எல்லாம் மீதியில் அடங்கும். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைத்திருப்பது நிரல் எழுதும் பகுதியில். புதிதாகச் சேருபவர்களுக்கு இதுவரை கொடுக்கப்பட்டு வந்ததும் பெரும்பாலும் அந்தப் பகுதியே.

2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் என்ற நிரல் உதவிக் கருவி சோதனை வடிவில் வெளிவந்தபோது, அடுத்த சில வரிகளை ஊகித்துத் தருவதே அதன் வேலையாக இருந்தது. இன்றைய ஏஜென்ட் வகைக் கருவிகள் கோப்புகளைத் தாமே திறந்து படிக்கின்றன, மாற்றுகின்றன, சோதனைகளை ஓட்டிப் பார்த்துத் தவறினால் திருத்துகின்றன. 2023இல் வந்த எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற தேர்வு, 12 பைதான் திட்டங்களில் நிஜமாகவே பதிவான 2,294 சிக்கல்களைத் தொகுத்தது. அப்போது முதலிடம் பிடித்த செயற்கை நுண்ணறிவு மாடல் தீர்த்தவை 2 சதவீதத்துக்கும் குறைவு. அத்தொகுப்பிலிருந்து சரிபார்த்து எடுத்த 500 சிக்கல்களில், 2025இல் முன்னணி மாடல்கள் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

தேர்வில் மதிப்பெண் ஏறியதால் அலுவலகத்தில் வேலை வேகமாக முடிகிறது என்று சொல்லிவிட முடியாது. கோபைலட்டை வைத்து நடந்த ஒரு சோதனையில், ஒரு சிறு வெப் சர்வரைப் புதிதாக எழுதச் சொன்னபோது, கருவி வைத்திருந்தவர்கள் சுமார் 55 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் வேறு விதமாகப் பார்த்தது. தாங்கள் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் திட்டங்களில் வேலை செய்த 16 அனுபவசாலிகளுக்குக் கருவியால் 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. கவலைக்குரியது, முடித்த பிறகும் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நம்பியதுதான். அதன்பின் கருவிகள் மேம்பட்டிருக்கின்றன என்றாலும், சொந்த வேகத்தை மதிப்பிடுவதில் மனிதருக்கு உள்ள இந்தத் தடுமாற்றத்தை எந்த நிறுவனமும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவி தந்ததைச் சரிபார்ப்பதில் நேரம் எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு சிறு உதாரணம் போதும். ஒரு கோப்பைப் படிக்க எந்த நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை)ப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், கருவி சில சமயம் நம்பும்படியான பெயர் ஒன்றைச் சொல்லும்; அப்படி ஒரு நூலகமே இருக்காது. அதே கற்பனைப் பெயர் பலருக்கும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கும் ஒரு விஷமி, அந்தப் பெயரிலேயே தீங்கு நிரல் ஒன்றைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட முடியும். அடுத்து யோசிக்காமல் நிறுவுபவரின் கணினி அந்த விஷமியின் கைக்குப் போய்விடும். பெயரைப் பார்த்ததும் சந்தேகப்பட அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் எப்படி வரும் என்பதே இனி இத்துறையின் பெரிய கேள்வி.

அந்த அனுபவத்தைப் பெற வேண்டிய இளையவர்களுக்கு வேலையே குறைந்திருக்கிறது. அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பொருளாதார நிபுணர்கள், 22 முதல் 25 வயதுள்ள மென்பொருளாளர்களின் எண்ணிக்கை 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து 2025 ஜூலைக்குள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். மூத்த வயதினரிடம் அப்படிப்பட்ட சரிவு இல்லை. வட்டி உயர்வும், கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும் இதே ஆண்டுகளில் சேர்ந்து வந்தவை. முழுப் பழியையும் செயற்கை நுண்ணறிவின் மேல் போடுவது அவசரம்.

இந்திய ஐ.டி. சேவை நிறுவனங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். கல்லூரி வளாகத்தில் ஆயிரக்கணக்கில் ஃப்ரெஷர்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, சிறிது காலம் திட்டம் ஒதுக்காமல் பெஞ்சில் வைத்து, பிறகு பராமரிப்பு, டெஸ்டிங் பணிகளில் அமர்த்துவது அவற்றின் வழக்கம். அடி அகலமான இந்தக் கோபுரத்தில், எத்தனை பேர் எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டே பெரும்பாலும் பில் போடப்பட்டது. அதே வேலையைக் குறைவான ஆட்கள் முடித்தால், லாபத்தில் பங்கு கேட்டு வாடிக்கையாளர் பேரம் பேசுவார். ஆபத்து அடித்தட்டோடு நின்றுவிடாது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 2 சதவீத ஊழியர்களை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைப்பதாக அறிவித்தது. அது பெரும்பாலும் நடு, மேல் நிலையினரைத் தொட்டது. காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருந்தாமையே என்றது நிர்வாகம்.

பிறர் எழுதியதைப் படித்துக் குறை காண்பது, எது சரியான விளைவு என்று முன்கூட்டியே வரையறுத்துச் சோதனை எழுதுவது, மென்பொருள் பாதுகாப்பைக் கவனிப்பது, வங்கி அல்லது மருத்துவமனை போன்ற ஒரு துறையின் நடைமுறை அறிவு ஆகியவற்றுக்கு மதிப்பு கூடுகிறது. இவை முன்பு ஐந்தாறு ஆண்டுகள் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தித் திருத்தித் தானாகப் படிந்தவை. அந்தப் பிழைகளைக் கருவியிடம் கொடுத்துவிட்டு இளையவர்களை எடுக்காமல் விடும் நிறுவனத்துக்குப் பத்தாண்டு கழித்து மூத்தவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆகவே பயிற்சியைத் திட்டமிட்டே தர வேண்டியிருக்கும்: கருவி எழுதிய ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்ப்பதற்கு முன் இளையவர் வரிவரியாக விளக்க வேண்டும், மூத்தவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆள் எடுக்கும் முறையும் நகரத் தொடங்கியிருக்கிறது. ஆஸ்திரேலிய நிறுவனமான கேன்வா, நேர்காணலில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியே தீர்வு காண வேண்டும் என்று 2025இல் அறிவித்தது. ஒரே கேள்வியில் கருவி விடை சொல்லிவிடக்கூடிய பழைய புதிர்களுக்குப் பதிலாக, தேவை தெளிவாகச் சொல்லப்படாத கணக்குகள் அங்கே தரப்படுகின்றன. எதைக் கேட்டுத் தெளிய வேண்டும், கருவி தந்ததில் எதைத் தள்ள வேண்டும் என்று விண்ணப்பதாரர் முடிவெடுப்பதை நேர்காண்பவர் பார்க்கிறார்.