நாரி நோ: அன்று ஒரு பெயர், இன்று பல கிருமிகள்

அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். முள்ளந்தண்டு சிதைந்து கூன் விழும் நோய் அந்தக் கால மருத்துவத்துக்குப் புதிதல்ல. லண்டனில் பேர்சிவல் பொட் 1779இலேயே அதை விவரித்துவிட்டார். காரணம்தான் பிடிபடவில்லை. அதற்குக் காரணமான காசக்கிருமியை ரொபேர்ட் கொக் அறிவித்தது 1882இல். கிறீன் அதற்கு 9 ஆண்டுகள் முன்பே ஊர் திரும்பியிருந்தார்.

கிருமி தெரிந்த பின்னும் 1940கள் வரை அதைக் கொல்ல மருந்து கிடையாது. பிளாஸ்ரர் கட்டில் மாதக்கணக்காக அசையாமல் கிடப்பதே சிகிச்சை. பிறகு மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நுரையீரல் காசத்துக்கு வீட்டிலிருந்தே மருந்து எடுத்தாலும் சானற்றோரியத்தில் கிடைக்கும் அதே பலன் கிடைக்கும் என்று காட்டியது. முள்ளந்தண்டுக் காசத்துக்கும் படுக்கை கட்டாயமல்ல என்பது பின்னர் உறுதியானது. ஆனால் தொடர்ந்து மருந்து கிடைக்க வேண்டுமே! போரால் மின்சாரமும் பாதையும் துண்டிக்கப்பட்டிருந்த 1990களின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதுவே பெரும்பாடு.

இன்று எம்.ஆர்.ஐ. படம் சிதைவை அழகாகக் காட்டும். செய்தது யார் என்று சொல்லாது. சாதாரணச் சீழ்க்கிருமி எலும்புகளுக்கு இடையிலான தட்டை முதலிலேயே தின்னும், காசம் அதைச் சில காலம் விட்டுவைக்கும் என்பது பொது விதி. விதியை மீறும் நோயாளிகள் ஏராளம். ஸ்ரபிலோகொக்கஸ், காய்ச்சாத பாலால் வரும் புரூசெல்லா, சேற்று மண்ணில் வாழும் மெலியோயிடோசிஸ் கிருமி எல்லாம் அதே இடத்தில் குடியேறலாம். மெலியோயிடோசிஸ் இலங்கையில் முதலில் பதிவானது 1927இல். பரவலாகத் தேடப்பட்டது இந்த நூற்றாண்டில்தான். சலரோகத்தோடு மாரியில் வயலில் இறங்குபவர்களை அது எளிதில் பிடிக்கும். காசம் போலவே நடிக்கும், காச மருந்துக்கு அடங்காது. சிலரில் காசமும் சீழ்க்கிருமியும் சேர்ந்தே இருக்கும். அங்கேதான் ஆபத்து: ஒன்று அகப்பட்டதும் தேடலை நிறுத்திவிடுகிறோம்.

ஆகவே ஊசியால் எடுக்கும் துணுக்கைப் பங்கிட்டுச் சாதாரணக் கிருமி வளர்ப்பு, காச வளர்ப்பு, ஜீன்எக்ஸ்பேர்ட், திசுப் பரிசோதனை என எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டும். காசக்கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சில மணி நேரத்தில் விடை தரும். காச வளர்ப்புக்கு 6 முதல் 8 வாரம் பிடிக்கலாம். நோயாளி தாங்குவாரானால், அன்ரிபயோற்றிக் தொடங்குமுன் இரத்தமும் துணுக்கும் எடுப்பதே முறை. சில வாரங்களில் நோவும் காய்ச்சலும் தணியாவிட்டால் மீண்டும் துணுக்கு எடுக்க வெட்கப்படத் தேவையில்லை. மருந்தின் காலமும் கிருமிக்கேற்ப மாறும்: சீழ்க்கிருமிக்குப் பெரும்பாலும் 6 வாரம், காசத்துக்கு 9 முதல் 12 மாதம், எலும்பில் இறங்கிய மெலியோயிடோசிஸுக்கு ஊசி முடிந்த பின் மாதக்கணக்கில் குளிசை.

இரவில் கூடும் நாரி நோவோடு காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால், எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சலரோகம் இருப்பதையும் வயல்வேலை செய்வதையும் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். காலில் விறைப்போ பலவீனமோ, சலம் போவதில் தடையோ தெரிந்தால் அன்றே போங்கள்.