ஹீற் பம்ப் சூடு தரவில்லையா? ஆளைக் கூப்பிடுமுன் பார்க்க வேண்டியவை

இரணைமடுவிலிருந்து நோர்வேயில் உள்ள பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கு, அங்கே சுவரில் தொங்கும் பெட்டி நம் ஊர் ஏசி போலவே தெரியும். அதுதான் ஹீற் பம்ப். நோர்வேயில் ஏராளமான வீடுகள் இதைக் கொண்டுதான் சூடாகின்றன. மாரியில் அது சரியாக வேலை செய்யாவிட்டால் முதலில் வாடுவது வயதானவர்களும் கைக்குழந்தைகளும்தான். ஆனால், பல குறைகளை வீட்டிலேயே கண்டுபிடித்துத் தீர்க்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால் வழியே பள்ளத்து வயலுக்குத் தானாக ஓடும். திருவையாற்று மேட்டுக் காணிகளுக்கு அதை ஏற்ற வேண்டுமானால் பம்பி வேண்டும். வெப்பமும் அப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும். எதிர்த்திசையில் ஏற்றத்தான் இந்த இயந்திரம்.

சைபருக்குக் கீழ் 10 பாகைக் குளிரிலும் காற்றில் வெப்பம் உண்டு. வீட்டுக்கு வெளியே இருக்கும் பெட்டியின் குழாயில் திரவமாக ஓடும் காஸ் அதைவிடவும் குளிர்ந்திருப்பதால் அந்த வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 காஸ், சாதாரண அமுக்கத்தில் சைபருக்குக் கீழ் 52 பாகையிலேயே கொதிக்கும். கொம்பிறசர் அந்த ஆவியை அமுக்கிச் சூடாக்கி வீட்டுக்குள் அனுப்புகிறது. மிதமான குளிரில் 1 அலகு மின்சாரத்துக்கு 3 அலகு அளவில் வெப்பம் கிடைக்கும். குளிர் கடுமையானால் இது குறையும்.

நீங்களே பார்க்கக்கூடியவை

முதலில் றிமோட். சூரியக் குறி சூட்டுக்கு, பனித்துகள் குறி குளிருக்கு. சூட்டில் வைத்து, காற்றைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். சூடான காற்று தானாக மேலே ஏறிவிடும். கடுங்குளிரில் இரவு முழுக்க நிறுத்தி வைத்தால், காலையில் வீடு மீண்டும் சூடாக மணிக்கணக்காகும்.

அடுத்து வடிகட்டி. நம் சமையலின் தாளிப்புப் புகையும் பொரியல் எண்ணெயும் தூசியோடு சேர்ந்து அதை அடைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். குசினிக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

பிறகு வெளிப்பெட்டி. சுற்றிக் குவிந்த பனியையும் சருகையும் அகற்றுங்கள். அதன் தகடுகளில் மெல்லிய வெண்பனி படிவது இயல்பு. இடையிடையே இயந்திரம் காஸ் ஓடும் திசையைச் சில நிமிடங்களுக்கு மாற்றி அதை உருக்கும். அப்போது உள்ளே சூட்டுக்காற்று நின்று, வெளியே வெண்ணிற ஆவி எழும். அது பழுதல்ல. உருகாமல் ஐஸ் கட்டிபட்டு நின்றால்தான் குறை. அதைக் கத்தியால் சுரண்டாதீர்கள். குழாய் ஓட்டையானால் காஸ் முழுவதும் போய்விடும்.

திருத்துநருக்கு உரியவை

சூட்டில் வைத்தும் தொடர்ந்து குளிர்காற்று வந்தால் திசைமாற்றும் வால்வு இறுகியிருக்கலாம். வெளிப்பெட்டித் தகடுகளின் ஒரு பகுதியில் மட்டும் ஐஸ் பிடித்தால் காஸ் குறைந்திருக்கலாம். பிறேக்கர் அடிக்கடி விழுந்தால் மின்பகுதியைச் சோதிக்க வேண்டும்.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, தேய்ந்து தீராது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் காஸ் மட்டும் நிரப்பினால் காசும் போகும், சில மாதத்தில் குளிரும் திரும்பி வரும். ஆர்-32 போன்ற காஸைக் கையாள நோர்வேயில் சான்றிதழ் வேண்டும்; தெரிந்தவர் என்பதற்காக மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள்.

கூப்பிடும்போது திரையில் தெரியும் பிழைக் குறியீடு, வெளி வெப்பநிலை, குறை தொடங்கிய நாள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அவர் வரும்வரை மின்சூடாக்கியைச் சுவர்ச் செருகுதுளையில் நேரடியாகப் பூட்டிப் பாவியுங்கள். பூட்டிய வீட்டுக்குள் கரியடுப்பு ஒருபோதும் வேண்டாம். அதன் நச்சுவாயு மணமில்லாமல் உயிரெடுக்கும்.

எல்லாவற்றிலும் நல்லது, செப்டெம்பரிலேயே ஒருநாள் சூட்டில் ஓடவிட்டுப் பார்ப்பது. குறை அப்போதே தெரிந்தால் பனி விழுமுன் திருத்திவிடலாம்.