ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32: இறக்குமதி வேகக்காரைப் பேணுதலும் மாற்றுதலும்

நிசான் நிறுவனத்தின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வரிசையில் ஆர்32 எனப்படும் தலைமுறை 1989 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1994 வரை ஏறத்தாழ 44,000 கார்கள் தயாராயின. எல்லாமே வலப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை; ஜப்பானியச் சந்தையை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. ஆஸ்திரேலியாவில் மட்டும் 1991இல் சுமார் நூறு கார்களை நிசானே விற்றது. பிரிட்டன், நியூசிலாந்து, அமெரிக்கா எனப் பிற நாடுகளில் இன்று காணப்படுபவை பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய பின் பழைய கார்களாக ஏலத்தில் எடுக்கப்பட்டுக் கப்பலேறியவை. ஆகவே இந்தக் காரை வாங்குபவர் கைக்கு வருவது முப்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு பந்தயப் பிறவி. அதன் பந்தயப் பிறப்பையும் வயதையும் சேர்த்துப் பார்க்காமல் அதில் கைவைப்பதுதான் பல நல்ல என்ஜின்கள் வீணாகக் காரணம்.

பந்தயப் பிறவி என்பது வெறும் புகழ்ச்சி இல்லை. அந்தக் காலத்து 'குரூப் ஏ' பந்தய விதிப்படி, டர்போ பொருத்திய என்ஜினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கித்தான் அது எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். 4,500 சிசிக்கு உட்பட்ட பிரிவில் நிற்பதற்காக நிசான் பொறியாளர்கள் 2,568 சிசி அளவைத் தேர்ந்தெடுத்தார்கள். பெருக்கினால் சுமார் 4,366 வருகிறது. ஆர்பி26டிஇடிடி என்ற அந்த என்ஜினில் நேர்வரிசையில் ஆறு சிலிண்டர்கள், 24 வால்வுகள், இரண்டு டர்போக்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில். அடிக்கட்டை வார்ப்பிரும்பால் ஆனது. 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் போட்டியில் தன் பிரிவில் நடந்த 29 பந்தயங்களையும் ஜிடி-ஆர் கார்களே வென்றன. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 1000 பந்தயத்தில் 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டும் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் இணை இதே காரில் வென்றது. 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயரும் 1989இல் ஆஸ்திரேலியாவின் 'வீல்ஸ்' இதழ் வைத்ததுதான்.

பந்தயத்தில் 500 குதிரைத்திறனைத் தாண்டிய அதே என்ஜின், கடையில் விற்ற காரில் 280 என்று அறிவிக்கப்பட்டது. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் அந்த எண்ணைத் தாண்டுவதில்லை என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். 2004 வரை அது நீடித்தது. ஆக, என்ஜினுக்குள் தூங்கும் சக்தியை எழுப்புவதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. எழுப்பிய சக்தியை ஆயில், எரிபொருள், குளிர்விப்பு ஆகிய மூன்றும் தாங்குமாறு செய்வதில்தான் உழைப்பும் பணமும் போகின்றன.

வாங்கும் கட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் 'ஷாகென்' எனப்படும் அரசுத் தகுதிச் சோதனை உண்டு. அதற்கான செலவும், பதின்மூன்று ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கான கூடுதல் வரியும் பழைய கார்களை ஏலக்கூடங்களை நோக்கித் தள்ளுகின்றன. ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு பரிசோதனைத் தாள் தருவார்கள். 4, 4.5 போன்ற மதிப்பெண்ணும், கார்ப் படத்தின் மேல் கீறலுக்கும் நசுங்கலுக்கும் துருவுக்கும் தனித்தனி எழுத்துக் குறிகளும் அதில் இருக்கும். எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இருந்தால், விபத்தில் அடிபட்டுச் சட்டகம் பழுதுபார்க்கப்பட்ட கார் என்று பொருள். மீட்டரில் காட்டும் தூரத்தை மட்டும் நம்பக் கூடாது. தொழிற்சாலை மீட்டர் 180 கி.மீ. வேகத்தோடு நின்றுவிடுவதால் பலர் வேறு மீட்டர் மாற்றியிருப்பார்கள். அப்போது பழைய தூரக் கணக்கும் காணாமல் போகிறது. பராமரிப்புச் சீட்டுகளும் டைமிங் பெல்ட் மாற்றிய தேதியை எழுதி ஒட்டிய வில்லையும் அதைவிடப் பெரிய சாட்சிகள்.

ஆர்32இன் பெரிய எதிரி துரு. முன்பக்க சஸ்பென்ஷன் கோபுரங்களின் மேற்புறம், டிக்கியின் அடித்தளம், பின்சக்கர வளைவுகள், கதவுகளுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் விளிம்பு ஆகிய இடங்களில் அது முதலில் தலைகாட்டும். சாலையில் உப்புத் தூவும் பனிப் பகுதியில் ஓடிய கார் என்றால் அடிப்பகுதி முழுவதையும் விளக்கு அடித்துப் பார்த்தே ஆக வேண்டும். பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம் என்பதால் அவை பளபளப்பதை வைத்து மற்ற இடங்களை எடைபோட முடியாது. தேய்ந்த என்ஜினைத் திரும்பக் கட்டிவிடலாம்; உள்ளே அரித்துப்போன உடலை மீட்பது அதைவிடக் கடினம், செலவும் அதிகம்.

கார் வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியது சக்தி கூட்டுவது அன்று, பழைய நிலையை உறுதிசெய்வது. ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. டைமிங் பெல்ட் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கானது என்றாலும், எப்போது மாற்றினார்கள் என்பது தெரியாவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். பெல்ட்டைக் கழற்றும்போதே டென்ஷனர், வாட்டர் பம்ப், முன் ஆயில் சீல்கள் ஆகியவற்றையும் மாற்றினால் அதே கூலியில் வேலை முடியும். அடுத்து ரப்பர். முப்பது ஆண்டுச் சூட்டில் வேக்குவம் குழாய்கள் கல்லாக இறுகியிருக்கும். ஒரு சிறு விரிசலே டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட் கசியவும் ஐட்லிங் ஏறி இறங்கவும் போதும். இக்னிஷன் காயில்களும் அவற்றுக்கான ஒயரிங்கும் வயதாகித் தளர்ந்து, அதிக பூஸ்ட்டில் என்ஜினைத் திக்க வைக்கும். உள்வரும் காற்றை அளக்கும் இரண்டு ஏர்ஃப்ளோ மீட்டர்களில் ஈயப் பற்றவைப்பு விட்டுப்போவதும் அடிக்கடி நடப்பதே. இந்தக் குறைகளை டியூனிங் கோளாறு என்று தவறாக நினைத்து என்ஜின் கம்ப்யூட்டரை மாற்றுபவர்கள் அதிகம்.

சக்தியைக் கூட்டும் வேலையில் முதல் படி ஏமாற்றும் அளவுக்கு எளிது. பூஸ்ட் கட்டுப்பாட்டுக் குழாய்க்குள் தொழிற்சாலையிலேயே ஒரு சிறு அடைப்பான் வைத்திருக்கிறார்கள். அது இருக்கும்போது பூஸ்ட் சுமார் 0.7 பார். எடுத்துவிட்டால் 1 பாரை நெருங்கும். கூடவே தடையில்லாத எக்ஸாஸ்ட் குழாய் பொருத்தினால் கார் உடனே வேறு காராகத் தோன்றும். ஆனால் தொழிற்சாலை டர்போக்களில் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் பீங்கானால் ஆனது. எடை குறைவு என்பதால் வேகமாகச் சுழலத் தொடங்கும். சூடும் வேகமும் எல்லை மீறினால் அச்சிலிருந்து விட்டு நொறுங்கும். துகள்கள் எக்ஸாஸ்ட் வழியே போய்விட்டால் நட்டம் டர்போவோடு நிற்கும். அவை என்ஜினுக்குள் புகுந்தால் சிலிண்டர்களும் போகும். 1 பாரை இந்த டர்போக்களின் விளிம்பாகக் கொள்வது நல்லது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹெச்கேஎஸ், நிஸ்மோ போன்ற நிறுவனங்களின் உலோகச் சக்கர டர்போக்களுக்கு மாறுவதே வழி. அந்த மாற்றத்துக்குப் பின் 400 குதிரைத்திறன் என்பது இந்த என்ஜினுக்குச் சுமையாக இருப்பதில்லை.

டர்போ மாறியதும் எரிபொருள் பக்கம் பின்தங்கும். தொழிற்சாலை இன்ஜெக்டர்கள் நிமிடத்துக்குச் சுமார் 440 சிசி அளவுள்ளவை. ஃபியூயல் பம்ப்பும் அதற்கேற்ற அளவுதான். காற்று கூடி எரிபொருள் கூடாவிட்டால் கலவை மெலிந்து, 'நாக்' எனப்படும் முறைதவறிய வெடிப்பு உண்டாகிறது. பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பை உடைப்பது இதுவே. ஆறாவது சிலிண்டரே முதலில் அடிவாங்கும் என்பது இந்த என்ஜினைக் கட்டுபவர்களின் அனுபவம். இதில் இறக்குமதிக் கார்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானில் உயர்தரப் பெட்ரோல் 100 ஆக்டேன் அளவில் கிடைப்பதை வைத்தே இக்னிஷன் நேரம் அமைக்கப்பட்டது. ஜப்பானில் முன்பு யாரோ என்ஜின் கம்ப்யூட்டரில் பொருத்திய சிப்பும் அந்தப் பெட்ரோலுக்கே எழுதப்பட்டிருக்கும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் ஊற்றும் நாட்டில் அதே அமைப்போடு முழு பூஸ்ட்டில் ஓட்டினால் என்ஜின் அழியும் ஆபத்து அதிகம். ஆகவே எந்த நாட்டில் ஓடுகிறதோ அந்த நாட்டுப் பெட்ரோலை ஊற்றி, சக்தியை அளக்கும் டைனோ உருளைமேல் வைத்து மறுபடி டியூன் செய்வது இந்தக் காரில் தவிர்க்க முடியாத செலவு.

ஆயில்தான் ஆர்பி26இன் உண்மையான பலவீனம். தொடர்ந்து அதிகச் சுழற்சியில் ஓடும்போது பம்ப் அனுப்பும் ஆயில் சிலிண்டர் தலையில் தேங்குகிறது. கீழே ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பும் வழிகள் போதாமல் அங்கே ஆயில் குறைகிறது. நீண்ட வளைவில் மிச்ச ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். சில நொடிகளில் பேரிங்குகள் உருகிவிடும். தலைக்குப் போகும் துளைகளைச் சுருக்குவது, திரும்பும் வழிகளைப் பெரிதாக்குவது, சம்ப்பை அகலப்படுத்தித் தடுப்புத் தகடுகள் வைப்பது ஆகிய மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும். இன்னொரு கோளாறு ஆர்32இன் முற்பகுதிக் கார்களில் உண்டு. கிராங்க்ஷாஃப்ட் முனையில் ஆயில் பம்ப்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதி மிகவும் குறுகலானது. என்ஜின் சுழற்சி எல்லையில் மோதி அதிரும்போது பம்ப்பின் கியர் விரிசல்விட்டு உடைகிறது. கிராங்கில் அகலமான காலர் பொருத்தி, உறுதியான கியர் கொண்ட பம்ப் போடுவது தீர்வு. என்ஜினைப் பிரிக்கும் வாய்ப்பு எப்போது வந்தாலும் இதைச் செய்யாமல் மூடுவது அறிவீனம். 2.8 லிட்டருக்குப் பெரிதாக்கும் உதிரிகள் சந்தையில் கவர்ச்சியாகக் கிடைக்கின்றன. ஆயில் வேலை முடியாத என்ஜினில் அவை பணத்தைக் கொட்டும் வழி மட்டுமே.

சக்தியைச் சாலைக்குக் கொண்டு சேர்ப்பது 'அட்டெசா ஈ-டிஎஸ்' என்ற நான்கு சக்கர இயக்க முறை. சாதாரணமாகப் பின்சக்கரங்களே காரைத் தள்ளும். சக்கர வேகத்தையும் காரின் முடுக்கத்தையும் உணரிகள் அளக்க, பின்சக்கரம் வழுக்கினால் ஆயில் அழுத்தத்தால் இறுகும் ஒரு பல்தகட்டு கிளட்ச் வழியாக 50 சதவீதம் வரை திருகுவிசை முன்னால் செல்லும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்டாலோ, ஒரு சோடி மட்டும் மிகவும் தேய்ந்திருந்தாலோ, சக்கர வேக வேறுபாட்டை வழுக்கல் என்று கம்ப்யூட்டர் தவறாகக் கொண்டு அந்தக் கிளட்ச்சை ஓயாமல் உரசவைக்கும். நான்கு டயரையும் ஒன்றாக மாற்றுவது ஆடம்பரம் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைக் காலத்தில் மாற்றுவதும், ஹைட்ராலிக் பகுதியிலிருந்து காற்றை வெளியேற்றுவதும் இந்த முறையின் ஆயுளை நீட்டும். முன் இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கி இழுத்துப் போவது இதைக் கெடுக்கும். பழுதானால் தட்டை லாரியில் ஏற்ற வேண்டும்.

பின்சக்கரங்களைச் சிறிதளவு திருப்பும் 'சூப்பர் ஹைகாஸ்' அமைப்பு மூட்டுகள் தேய்ந்ததும் காரைப் பின்னால் தள்ளாட வைக்கும். பலர் அதை எடுத்துவிட்டு, பின்சக்கரத்தை நேராகப் பூட்டும் தண்டைப் போடுகிறார்கள். பிரேக்கும் கவனிக்க வேண்டியது: 1,430 கிலோ எடையை 280 குதிரைத்திறனில் நிறுத்தவே தொழிற்சாலை பிரேக்குகள் சூடேறித் திணறின. நிசானே 1993இல் 'வி-ஸ்பெக்' வகையில் பிரெம்போ பிரேக்குகளைக் கொடுத்தது. சக்தியைக் கூட்டுவதற்கு முன் பிரேக்கை மாற்றுவதே முறை.

உதிரிபாகங்கள் கிடைப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. நிறுத்தப்பட்ட பாகங்கள் சிலவற்றை நிசானும் நிஸ்மோவும் 2017 டிசம்பர் முதல் 'ஹெரிடேஜ்' திட்டத்தில் மறுபடி தயாரித்து விற்கின்றன. விலை அதிகம்; ஆனால் ஒயரிங், சீல்கள் போன்றவற்றுக்கு அசல் பாகத்துக்கு ஈடு இல்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த கார்களுக்கே பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. முதல் ஆர்32 கார்கள் 2014 ஆகஸ்டில் அந்த வயதைத் தொட்டன, அதன் பின் உலகெங்கும் விலை ஏறியது. அந்த விலக்கு இருந்தும் கலிஃபோர்னியா மாநிலத்தின் புகை விதிகள் தனியாக நிற்கின்றன. கேட்டலிடிக் கன்வர்ட்டரை நீக்கிய கார் அங்கே பதிவாகாது. எனவே கழற்றிய கன்வர்ட்டர், ஏர்ஃப்ளோ மீட்டர், கம்ப்யூட்டர், ஹைகாஸ் உறுப்புகள் எல்லாவற்றையும் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது. சோதனைக்குக் காரைப் பழைய நிலைக்குத் திருப்பவும், விற்கும்போது காரோடு சேர்த்துக் கொடுக்கவும் அவை உதவும்; அசல் உறுப்புகள் முழுமையாக உள்ள காருக்கே இப்போது சந்தையில் கூடுதல் விலை.